பெயர் மட்டும் சொல்ல மாட்டேன்

...சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இன்னும் இரண்டு பேர் பேசி முடிக்கிற நேரம்தான் இருந்தது, மூன்றாவது ஜெயசித்ரா, நோட்டீசில் அப்படித்தான் போட்டிருக்கிறது, பேச்சு என்றுகூட இல்லை, கண்டன உரை, அரியலூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்குக் கண்டன உரை... பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு ஓரமாக, போலீஸ் காட்டிய இடத்தில், போலீஸ் கட்டிய கயிற்றுக்குள், முப்பத்தொரு பெண்கள் வெயிலுக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஐம்பது பேர் என்று அனுமதி மனுவில் எழுதிக் கொடுத்தது அவள்தான், தலை எண்ண வந்த பெண் போலீஸ் இளநீர்க்காரரையும் அவரிடம் இளநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் சேர்த்து முப்பத்து நாலு என்று எழுதிக்கொண்டு போனாள், நல்ல பெண், எந்த ஊரோ. பின்னால் கட்டியிருக்கிற பேனரை மட்டும் ஜெயசித்ரா திரும்பிப் பார்க்கவே இல்லை. 'பெறுவதும் மறுப்பதும் பெண்ணின் முடிவே' என்று எழுதிக் கொடுத்ததை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பயபக்தியோடு படித்து, போட்டோ இல்லாத பேனர் மொட்டையாக இருக்குமே என்று தானாகவே ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைச் சேர்த்துவிட்டார், முக்கால் பேனருக்குப் பொக்கைவாய்ச் சிரிப்பு, மீதிக் கால் பேனரில் உரிமை. காலையில் பிரித்துப் பார்த்தபோது சிந்தாமணிதான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "புள்ள அழகாத்தான் இருக்கு, வுடு ஜெயா" என்றாள்.

மஞ்சுவின் கதையைச் சொல்லலாமா... சொன்னால் கூட்டம் அசையும், அது தெரிந்ததுதான். வேப்பந்தட்டைப் பக்கத்து மஞ்சு, இருபத்தாறு வயது, பிளவுஸ் தைக்கிறவள், இரண்டு பிள்ளைகள், மூன்றாவது தரித்தபோது வேண்டாம் என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள், புருஷன் கையெழுத்து கொண்டா என்றார்கள், அவர் லாரியோடு நாக்பூரில் இருக்கிறார் என்றாள், அப்படியானால் மாமியாரைக் கூட்டி வா, கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சம்மதம் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் தொடமாட்டோம் என்றார்கள். பதினெட்டு வயது தாண்டியவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும் என்று சட்டத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை ஜெயசித்ரா தன் கடையிலேயே இருபது பிரதி எடுத்து வைத்திருக்கிறாள், அதைத் தூக்கிக்கொண்டு மஞ்சுவோடு நான்கு நாள் அலைந்தாள், ஐந்தாவது நாள் வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்து, "இது எனக்கே தெரியுமேம்மா, எதுக்கு ஜெராக்ஸ்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மஞ்சுவிடம் மட்டும் கையெழுத்து வாங்கினார்... எவ்வளவு சுலபம், அதற்கு நான்கு நாள். அன்றைக்குப் படுக்கையில் மஞ்சு இவள் முந்தானையை விடவே இல்லை, தூக்கத்திலும் விடவில்லை, ஜெயசித்ரா இரண்டு மணி நேரம் பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், போராட்ட வாழ்க்கையில் அவள் பட்ட பெரிய கஷ்டம் அதுதான் என்று யாரிடமும் சொன்னதில்லை. விழித்ததும் அந்தப் பெண் சொன்னாள், "வூட்டுல யாருக்கும் தெரியாதுக்கா, உங்களுக்கு மட்டுந்தான்." உங்களுக்கு மட்டும்தான். பத்தாவது நாள் அரியலூர் ஆர்ப்பாட்டம்.

அரியலூரில் அவள் பெயரைச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. "பெயர் மட்டும் சொல்ல மாட்டேன் தோழர்களே" என்றுதான் தொடங்கினாள், எப்போதுமே அப்படித்தான் தொடங்குவாள், அதில் அவளுக்கு ஒரு பெருமையே உண்டு, வாயைத் திறந்தாலும் ரகசியம் காக்கிறவள் என்று. அப்புறம்தான் வேப்பந்தட்டைப் பக்கம், பால் சொசைட்டிக்கு எதிர்ச்சந்து, பிளவுஸ் தைக்கிற பெண், அதுவும் டிசைன் பிளவுஸ் என்றால் பத்து ஊரிலிருந்து வருவார்கள், மூத்தது யூகேஜி, புருஷன் லாரி... விவரம் இல்லாமல் சொன்னால் யார் நம்புவார்கள், கட்டுக்கதை என்று போய்விடுவார்கள், விவரம் வேண்டும் அல்லவா... ஆதார் நம்பர் ஒன்றைத்தான் விட்டு வைத்தாள். நான்கு பேர் அழுதார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள், பொழுது சாய்வதற்குள் வேப்பந்தட்டையில் மூன்று வாட்ஸப் குரூப்பில் ஓடியது, மறுநாள் காலைக் காப்பிக்கு முன்பே மஞ்சுவின் மாமியார் கலியம்மாள் கைக்கு வந்துவிட்டது. இது நடந்து மூன்று வாரம். மஞ்சு போனை எடுப்பதில்லை, பதினேழு தடவை அடித்தாயிற்று, பதினெட்டாவது அடிக்கக் கை வரவில்லை.

காலையில் வரும்போது பஸ்ஸில், பேரளி தாண்டியதும், மனசு தாங்காமல் சிந்தாமணியிடம் சொன்னாள். சிந்தாமணிக்கு ஐம்பத்தைந்து வயது, களை எடுக்கப் போகாத நாளெல்லாம் ஆர்ப்பாட்டத்துக்கு வந்துவிடுவாள், கோஷத்துக்கு இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் தொண்டை. மடியிலிருந்த வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே, "நீ என்ன இல்லாததயா சொன்ன? நடந்ததத்தான சொன்ன? இன்னைக்கும் அதையே சொல்லு. போன தடவ பேப்பர்காரத் தம்பியே கண்ணத் தொடச்சிச்சு. நீ பாட்டுக்குச் சட்டம், பிரிவுன்னு ஆரம்பிச்சீன்னா நானே தூங்கிருவேன்" என்றாள். "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம் சிந்தாக்கா." "கேக்கலாந்தான்." "கேட்டிருந்தா மட்டும் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பா..." என்று ஜெயசித்ராவே சொல்லிவிட்டு, சொன்னதில் கொஞ்சம் ஆறுதலும் அடைந்து, ஜன்னலுக்கு வெளியே எதிரே வந்த சிமெண்டு லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனாலும் ஏதோ உறுத்தியது, செருப்புக்குள் கல் மாதிரி, பஸ்ஸில் கழற்றிப் பார்க்கவா முடியும்...

இரண்டாவது பேச்சாளரான வக்கீல் 'இறுதியாக' என்று மூன்றாவது முறை சொல்லிவிட்டார். குழந்தைவேலின் மைக் செட்டு நேற்று குரும்பலூரில் ஒரு காதுகுத்துக்குப் போய் வந்தது, ஸ்பீக்கர் குழாயில் இன்னும் ஒரு கனகாம்பரச் சரம் தொங்குகிறது, வக்கீலை அழைக்கும்போதுகூட குழந்தைவேல் "அடுத்தபடியாக தாய்மாமன்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு அப்படியே நின்றது, ஏனென்றால் எதிர்ச்சாரியில், மருந்துக்கடை நிழலில், இடுப்பில் சின்னவளை வைத்துக்கொண்டு மஞ்சு. அவள்தானா? அவள்தான், அந்தப் பச்சைப் புடவை, ஆஸ்பத்திரிக்குக் கட்டி வந்தது. இளைத்திருக்கிறாளா, இங்கிருந்து தெரியவில்லை... தனியாகவா வந்தாள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாள், சண்டைக்கு வந்திருக்கிறாளோ, வந்தால் நல்லது, நடு ரோட்டில் நிறுத்தி நாலு திட்டு திட்டினால் தேவலை, மூன்று வாரமாக யாராவது திட்ட மாட்டார்களா என்றிருக்கிறது, போராளி, போராளி என்று கும்பிடுகிறார்கள்... கை காட்டலாமா? காட்டினால் முப்பத்தொரு தலையும் திரும்பும், ஜெயசித்ராவுக்குத் தெரிந்தவள், சின்ன வயசு, இடுப்பில் பிள்ளை, ஆமாம் அதே பெண் என்று ஒரு நொடியில் கூட்டிக் கழித்துவிடுவார்கள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை.

"அடுத்து நம்ம ஜெயசித்ரா மேடம்" என்று குழந்தைவேல் ஒழுங்காகவே அழைத்தார். எழுந்தபோது சிந்தாமணி முழங்கையைப் பிடித்து, "அந்தப் புள்ள கதையச் சொல்லு" என்று காதைக் கடித்தாள். மைக்கில் நேற்றைய சந்தன வாசனை. எதைப் பேசுவது, பிரிவு மூன்று, உட்பிரிவு நான்கு... "பெயர் மட்டும் சொல்ல மாட்டேன் தோழர்களே" என்று வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது, குழாய் அதை ரோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டியது, அங்கே மஞ்சு பிள்ளையின் தலையைத் தன் தோளில் சாய்த்து உள்ளங்கையால் மூடிக்கொண்டாள், மழைத் தூறல் விழும்போது மூடுவது போல. அவ்வளவுதான் செய்தாள். ஓடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அதைப் பார்த்த பிறகு எப்படி... "இல்ல, பேரு சொல்றேன்" என்றாள் ஜெயசித்ரா. "பேரு ஜெயசித்ரா. ஊரு அரியலூரு." தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள், தட்டட்டும்.

சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, தன் கதைக்கு விவரமே வராது என்று. மகள் இலக்கியா பிறந்து பதினான்கு வருஷம், அவள் பிறந்த அன்று ஓர் ஆஸ்பத்திரியில் இவள் அரை மயக்கத்தில் கிடந்தபோது கேட்காமல் கருத்தடைக் காப்பர்-டி வைத்து அனுப்பினார்கள், வைத்ததைச் சொல்லவும் இல்லை, அடுத்த பிள்ளை வேண்டும் என்று மூன்று வருஷம் இவள் கோயில் கோயிலாகப் போனாள், மாமியார் பேச்சைக் கேட்டு மண்சோறு தின்றாள், காப்பர்-டியை உள்ளே வைத்துக்கொண்டு மண்சோறு, சாமியும் பாவம் என்ன செய்யும்... சிரிப்பார்கள் என்று நினைத்தாள், ஒருவரும் சிரிக்கவில்லை. திருச்சியில் ஸ்கேன் எடுத்தவர்தான், உள்ளே ஒன்று இருக்கிறதே தெரியாதா என்று கேட்டார். அதை எடுக்கச் செய்துவிட்டு, நேரே அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த நர்ஸம்மாவைத் தேடிப் பிடித்து, ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டாள், அந்த அம்மா கெட்டவர் இல்லை, அன்று இரவு முழுக்க இவளுக்கு விசிறியவர், அவர் சொன்னார், "கேட்டிருந்தா மட்டும் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பே?" குழாயில் தன் குரலிலேயே அதைக் கேட்டபோதுதான் ஜெயசித்ராவுக்கு உறைத்தது. காலையில், பஸ்ஸில், கடலைத் தொலிக்கு நடுவே... அதே வாக்கியம், ஒரு சொல் குறையாமல். அந்த நர்ஸம்மா சொன்னது உண்மை என்பதுதான் விஷயமே, கேட்டிருந்தால் போடுங்கம்மா என்றுதான் சொல்லியிருப்பாள், அவ்வளவு அலுப்பாக இருந்தது அன்றைக்கு, பிறகு எதற்கு இத்தனை வருஷக் கோபம் என்று யாருக்கும், புருஷன் குருமூர்த்திக்குக்கூட, அவளால் விளக்க முடிந்ததில்லை. "நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் மைக்கில். "ஆனா நான் சொல்லலியே." மைக்கைக் கொடுத்துவிட்டாள். யாரும் அழவில்லை, கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் குடைகளைச் சரிசெய்தார்கள், சிந்தாமணிக்குக் கோஷம் எழும்பவில்லை. பேப்பர்காரத் தம்பி மட்டும் போனை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான், அடடா, இலக்கியா பார்ப்பாளே, அவள் பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்களே, அவளிடம் ஒரு வார்த்தை... இதற்கு முடிவே இல்லை போலிருக்கிறது.

கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்து, ஒரு டவுன் பஸ்ஸுக்கு வழிவிட்டு, ரோட்டைக் கடந்தாள். மஞ்சு அதே இடத்தில்தான் நின்றாள், சின்னவள் இடுப்பில் இருந்தபடியே மருந்துக்கடைப் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கியா?" என்று ஜெயசித்ரா கேட்டாள், என்ன கேள்வி இது. "இருக்கேன்க்கா." "வூட்டுல?" "அத்த பேசறதில்ல. சோறு போடறாங்க, பேச்சு இல்ல. அவரு வர்ற வாரம் வராரு, வந்தாத்தான் தெரியும்." மார்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று அளவு சொல்கிற குரலில் சொன்னாள். "நான் கேட்டிருக்கணும் மஞ்சு." மஞ்சு பரவாயில்லை என்று சொல்லவில்லை. "கேட்டிருந்தா, சொல்லுங்கக்கான்னுதான் சொல்லியிருப்பேன். இன்னொரு பொண்ணு நாலு நாளு அலையக்கூடாதுல்ல. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். போனுல சொன்னா அழுதுருவேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த வீடியோவ அழிச்சிர முடியுமாக்கா?" முடியும் என்று சொல்ல ஜெயசித்ராவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. "எங்கிட்ட இருக்கறத அழிக்கலாம்." "அது பத்தாதுல்ல." "பத்தாதும்மா."

அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஊசி குத்தித் தழும்பேறிய ஆள்காட்டி விரல், பிள்ளையின் முதுகில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது, ஜெயசித்ராவின் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது, இதற்கு எப்படிக் கேட்பது, நம்ம பக்கம் யாரும் இதையெல்லாம் கேட்டதே இல்லையே, பிடிப்போம், அணைப்போம், இழுத்து மடியில் போட்டுக்கொள்வோம், கேட்டால் அந்நியமாக நினைத்துவிடுவாளோ... கலெக்டரிடம் கேட்டிருக்கிறாள், சுகாதாரத் துறையிடம் கேட்டிருக்கிறாள், இதற்கு மனு எழுதவா முடியும். "மஞ்சு" என்றாள், "உன் கையக் கொஞ்சம் புடிச்சுக்கவா?" மஞ்சு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், சிரிக்கப் போவது போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. வலது இடுப்பிலிருந்த பிள்ளையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், கனக்கிறது என்று மாற்றினாளா, கை காலியாகட்டும் என்று மாற்றினாளா, பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை... ஜெயசித்ரா நீட்டிய கையோடு, அவசரப்படாமல், வெயிலில் நின்றாள்.