வெண்டல் ஹ்ருஸ்காவின் இருநூறு

வெண்டல் ஹ்ருஸ்கா குந்தி உட்கார்ந்தால் அவன் முட்டிகள் மடங்கும் சத்தம் அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோளக்காடுகளைத் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். பேஸ்பால் ஆட்டத்தில் கேட்சராக, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி, பதினான்கு வருடம் பந்தைப் பிடித்ததில் வலது கை விரல் ஐந்தும் ஐந்து திசையைக் காட்டும். யாராவது வழி கேட்டு அவன் கைகாட்டினால், கேட்டவர் கதி அதோகதி.

பந்து பிடிப்பதில் அந்தச் சின்ன லீக்கில் அவனுக்கு ஈடில்லை. மட்டை பிடிப்பதில்தான் தகராறு. லீக்கின் சராசரி ஆட்டக்காரன் ஆயிரம் தடவைக்கு இருநூற்று ஐம்பத்தெட்டு முறை அவுட்டாகாமல் அடிப்பான். வெண்டல் இருநூறு. அதுவும் உண்மையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பதரை. அரையை மேலே ஏற்றி எழுதுவது வழக்கம் என்பதால் மைதானப் பலகையில் இருநூறு. அதற்குக் கீழே இறங்கியவனைச் சாகும்வரை கேலி செய்வார்கள்.

அவனுடைய கடைசி ஆட்டத்தன்று பயிற்சியாளர் பிக்லி அவனை ஓரமாக அழைத்தார்.

"இன்னிக்கு நீ உக்காந்துக்கோ. அடிச்சாலும் அதே இருநூறுதான். ஒருதரம் அவுட்டானா நூத்தித் தொண்ணூத்தொம்பது. கல்லறை வரைக்கும் கூடவே வரும்."

"அப்ப பந்தை யாரு பிடிப்பா? உங்க மாமியாரா?"

உடைமாற்றும் அறையே சிரித்தது. ஒருவன் கத்தினான்: "கிழவா, லீக் சராசரிய எட்டிப் பாக்க ஏணி தரட்டுமா?"

"டேய், அந்தச் சராசரிய இழுத்துக் கீழ வச்சிருக்கறதே நான்தான்! நான் இல்லேன்னா நீங்கல்லாம் அதுக்குக் கீழ கெடப்பீங்க. நன்றி சொல்லுங்கடா!"

சொன்னபடியே ஆடப் போனான். ஆனால் எதிரணியில் பந்து வீசியவன் எம்மெட் சோர்லி, முன்னொரு காலத்தில் வெண்டலோடு ஒரே அணியில், ஒரே பேருந்தில் குறட்டை விட்டவன். நாலு பந்தை விலக்கி வீசிவிட்டால் மட்டைக்காரன் நடந்தே முதல் மூலைக்குப் போய்விடலாம். அது சராசரிக் கணக்கில் சேராது. எம்மெட் அந்தப் புண்ணியத்தைச் செய்தான். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. இரண்டாவது தடவை போட்ட பந்துகள் விலகிப் போன தூரத்துக்கு, பாப்கார்ன் விற்கிறவரே ஒன்றைப் பிடித்திருக்கலாம்.

எட்டாவது சுற்றில் மூன்றாம் முறை வந்து நின்றான் வெண்டல். மறுபடியும் விலகிய பந்து. மறுபடியும்.

"எம்மெட்! ஒழுங்காப் போடுடா!"

"வாயை மூடிட்டு நடந்து போடா. உனக்கு நல்லதுதான் பண்றேன்."

"உன் பொண்டாட்டி சுட்ட மீட்லோஃப் கறிக்கட்டியை ரெண்டு தட்டு தின்னுட்டு உசுரோட திரும்பினவன்டா நான். உன் பந்துக்கா பயப்படுவேன்?"

அரங்கமே கைதட்டியது. எம்மெட்டின் காது சிவந்தது. ஆனாலும் அடுத்த பந்தும் வெகு தூரத்தில்தான் வந்தது. வெண்டல் ஒற்றைக் காலில் சாய்ந்து, மட்டையின் நுனியை நீட்டி, ஓங்கி ஒரு வீச்சு வீசினான். பட்டது! தரையில் உருண்ட பந்தை இரண்டாம் மூலைக்காரன் அள்ளி முதல் மூலைக்கு எறிந்தான். வெண்டல் ஓடினான். ஓட்டமா அது! கீல் கழன்ற அலமாரியை மாடிப்படியில் உருட்டிவிட்டதுபோல் இருந்தது. பந்து ஒரு விரற்கடையில் அவனை முந்தியது. அவுட்.

பலகையில் எண் மாறியது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது. வெண்டல் தொப்பியைக் கழற்றி, நாலு பக்கமும் இடுப்பை வளைத்து வணங்கினான்.

"திருப்தியாடா இப்ப?" என்றார் பிக்லி.

"அந்த இருநூறு நீங்களும் எம்மெட்டும் குடுக்கப் பாத்தது, கோச். இது நான் அடிச்சது."

முழங்கால் கவசத்தைக் கட்டிக்கொண்டு அவன் மறுபடி போய்க் குந்தினான். எதிரணியின் மட்டைக்காரன் வந்து நின்றான். லீக்கிலேயே பெரிய அடிக்காரன்.

"வாப்பா, உன் கணக்கு எவ்வளவு? முன்னூத்திப் பத்தா?" என்றான் வெண்டல். "ரொம்ப ஒசரத்துல இருக்கே, தலை சுத்தும். கொஞ்சம் இறக்கி விடறேன்."