மூன்று முறை சோதனை

மார்ச் 11, செவ்வாய். ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கேட்காமல் அவள் லேப்டாப்பில் ப்ரவுசரைப் புதுப்பித்தேன். அன்றிலிருந்து கையெழுத்து ப்ளகின் வேலை செய்யவில்லை. அன்றே அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அப்போதும் இல்லை.

தங்கை, தான் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது அசிங்கமாகத் தெரிந்ததால் அதன் மேலேயே திரும்ப எழுதினாள்.

"எழுதி முடிச்சிட்டியா, நோட்டு?" அறை வாசலில் அக்கா நின்றாள். தங்கையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. "வீடு பத்தி எரிஞ்சாலும் முதல்ல தேதி போட்டுட்டுத்தான் தண்ணி ஊத்துவ நீ."

"பண்ணிட்டிருக்கேன்க்கா."

"நான் கேட்டேனா? சிவனேன்னு ஓடிட்டிருந்த லேப்டாப். 'விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடறேன்க்கா, பறக்கும்'ன. பறந்துதான் போச்சு."

அக்கா நர்ஸ். ஏழு வருடமாக இரவு டூட்டி. பகல் வார்டுக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பம் வருடத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். இந்த முறை நாளை நண்பகலோடு மூடுகிறது. படிவத்தை நிரப்பியாகிவிட்டது. அவளுடைய அடையாளக் கார்டை ரீடரில் செருகி, ப்ளகின் கேட்கும் பின் நம்பரை அடித்தால் படிவத்தில் மின்னணுக் கையெழுத்து விழுந்துவிடும். அது ஒன்றுதான் பாக்கி. ஆஸ்பத்திரிக் கணினியில் சொந்தக் கார்டு எதையும் செருக விடமாட்டார்கள்.

"நான் தூங்கப் போறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு டூட்டிக்குக் கிளம்பணும். ஆறு மணிக்கு எழுந்து வரும்போது அது ஓடணும். பின் நம்பரை மட்டும் கேக்காத. யாருக்கும் சொல்லமாட்டேன்னு எழுதிக் குடுத்து வாங்கின கார்டு."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி கோணலாகித் தொங்கியது.

தங்கை ப்ளகின் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். இருபத்திரண்டு நிமிடம் இசை ஓடியது. பிறகு ஒரு குரல்.

"லினக்ஸா மேடம்? அதுக்கு நாங்க பொறுப்பு எடுத்துக்கறதில்லையே."

"உங்க பக்கத்துல லினக்ஸுக்குன்னு தனியா டவுன்லோடு இருக்கே. அதோட சின்னம், பென்குயின் படம்கூடப் போட்டிருக்கீங்க."

"படம் இருக்கும் மேடம்."

"அப்ப எதுக்குங்க போட்டீங்க? அழகுக்கா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"முதல் உதவியே இன்னும் வரலையே!" என்று கத்தினாள். கத்திவிட்டு அக்காவின் கதவைப் பார்த்தாள். மறுமுனையில் மீண்டும் இசை வந்தது.

கோபத்தோடே நோட்டில் புதுப் பக்கம் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் போனாள். ரீடரில் விளக்கு எரிகிறதா? எரிகிறது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் கேட்டால் கார்டு தெரிகிறதா? தெரிகிறது. ப்ரவுசர் மட்டும் 'உதவி நிரல் கிடைக்கவில்லை' என்றது. ப்ளகின் வெறும் தூதுவன். வேலை செய்வது அந்த உதவி நிரல். அது எங்கே இருக்கிறது என்ற முகவரிக் கோப்பை ப்ரவுசர் அக்காவின் கோப்புறையில் தேடும். தங்கையும் அங்கே தேடினாள். காலி.

கணினி முழுக்கத் தேடச் சொன்னாள். கோப்பு கிடைத்தது, கணினி நிர்வாகிக்கென்று இருக்கும் தனிக் கோப்புறைக்குள்.

அவளுக்குக் காது சூடாகியது. அவள் போகும் மாலைக் கணினி வகுப்பில் ஆசிரியர் பலகையில் எழுதிய கட்டளைகளில் பாதிக்கு முன்னால் 'சூடோ' இருந்தது. நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். எது தேவை, எது தேவையில்லை என்று சந்தேகம் வந்ததால், பத்திரமாக இருக்கட்டும் என்று அவள் எல்லாவற்றுக்கும் போட்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை ப்ளகினை மறுபடி நிறுவும்போதும் போட்டாள். நிறுவும் நிரல் அவளை நிர்வாகி என்று நம்பி, கோப்பை நிர்வாகி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தது.

'மடச்சி' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சூடோ இல்லாமல் மறுபடி நிறுவினாள். ஐந்து இருபதுக்கு, பின் நம்பர் கேட்கும் பெட்டி திரையில் எழுந்தது.

அக்காவை அப்போதே எழுப்பியிருக்கலாம். ஆனால் பெட்டி வந்தால் போதுமா, கார்டு வரைக்கும் போகிறதா என்று சந்தேகம். தப்பான உள்ளீடு கொடுத்துப் பார், நிரல் பதில் சொல்கிறதா என்று தெரியும்: வகுப்பில் எழுதிக்கொண்டது. ஆறு பூஜ்யம் அடித்தாள். 'பின் தவறு' என்று வந்தது. மகிழ்ச்சியில் மேசையைத் தட்டினாள். கார்டு பேசுகிறது!

நிறுவிய உடனே, ப்ரவுசரை மூடித் திறந்த பிறகு, கணினியை அணைத்துப் போட்ட பிறகு என மூன்று முறை ஓடினால்தான் அவள் நோட்டில் 'சரி' என்று டிக் விழும். மூடித் திறந்தாள். ஆறு பூஜ்யம். 'பின் தவறு.' அணைத்துப் போட்டாள். ஆறு பூஜ்யம்.

'கார்டு பூட்டப்பட்டது. வழங்கிய அலுவலகத்தை நேரில் அணுகவும்.'

அவள் அதை நான்கு முறை படித்தாள். கார்டு அலுவலக எண்ணுக்கு அழைத்தாள். காலை ஒன்பதுக்குத் திறக்கும், கார்டின் உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்றது பதிவுக் குரல்.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். தங்கை எதையும் மறைக்காமல், நடந்த வரிசையிலேயே சொன்னாள்.

"மூணு தடவையா?" அக்காவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒரு தடவை சரியா வந்ததும் என்னை எழுப்பறதுக்கு என்னடி?"

"சோதனை பண்ணாம எப்படிக்கா..."

"சோதனை! எனக்குத்தான் சோதனை, உன்ன மாதிரி ஒருத்தி கூடப் பொறந்தது. ஏழு வருஷம் ராத்திரி கண் முழிச்சேன். நீ ஒரு டிக் போடறதுக்காக இன்னொரு வருஷம் முழிக்கணுமா?"

"ரெண்டு வாய்ப்புதான் மீதின்னு அவங்க ஒரு வரி போட்டிருந்தா என்னக்கா குறைஞ்சிடும்? படுபாவிங்க!"

"அவங்களைத் திட்டாத. திட்டறதுக்கு ஆள் எதிர்லயே இருக்கு."

அக்கா சீருடையைத் தேய்க்கப் போனாள். இஸ்திரிப் பெட்டி துணியின் மேல் தேவைக்கு அதிகமாகவே அழுந்தியது. ஏழு மணிக்குச் செருப்பை மாட்டும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்குக் காலைல எட்டு மணிக்குத்தான் என்னை விடுவாங்க. பஸ்ஸுல ஒரு மணி நேரம். கார்டு ஆபீஸ்ல வரிசை எப்படி நிக்கும்னு தெரியும்ல?"

தங்கை அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நோட்டை எடுத்து எழுதினாள்:

நாளை, புதன். காலை ஆறரைக்குக் கார்டு அலுவலக வாசலில் வரிசையில் நிற்பது. அக்கா வரும்வரை இடத்தை விடக் கூடாது. லேப்டாப், சார்ஜர், ரீடர் எடுத்துப்போவது. பூட்டு எடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து, பன்னிரண்டுக்குள் கையெழுத்து. பின் நம்பரை அக்கா அடிப்பாள். ஒரே ஒரு முறை.