சொடக்கு எடுக்கும் முன்

ஹைதர் எதற்கும் தலையாட்டுகிறவர். மனைவி நிலோபர் என்ன சொன்னாலும் ஓர் ஆட்டு ஆட்டிவிடுவார். காதில் விழுந்ததா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். "வாயைத் தொறந்து பதில் சொன்னா வரி போட்டுருவாங்களா?" என்பாள் அவள். அதற்கும் ஓர் ஆட்டுதான்.

அந்தத் தலைதான் இப்போது படுத்தியது. மலேசியாவின் கிள்ளானில் தங்கள் துணிக்கடை ஏணியிலிருந்து சறுக்கி, மேசை விளிம்பில் நெற்றி மோத விழுந்தார். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிடரி வலி மட்டும் போகவில்லை. படுக்கையிலிருந்து எழும்போது இரு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு எழுந்தார். "நல்லா நடிக்கிறீங்க மச்சான்" என்று கேலி செய்த நிலோபர்தான், முடிதிருத்தும் பழனியப்பனிடம் அவரை அழைத்து வந்தாள். பழனியப்பன் கழுத்தைத் திருப்பி ஒரு சொடக்கு எடுத்தால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் ஓடிவிடும் என்று அந்தத் தெருவே சொல்லும்.

"சாயுங்க பாய். ஒரே திருப்புதான் லா" என்றார் பழனியப்பன், கையில் எண்ணெய் தேய்த்தபடி.

ஹைதர் சாய்ந்தார். சாயும்போதே இரு கைகளும் தாமாக எழுந்து, தளும்பும் குடத்தை இறக்குவதுபோல் தலையைப் பிடித்துக்கொண்டன. வாசல் பெஞ்சிலிருந்து நிலோபர் அதைக் கண்ணாடியில் பார்த்தாள். அவர் முகத்தில் பயம் இருந்தது. வெறும் சுளுக்குக்கு யாரும் இப்படிப் பிடிப்பதில்லை. தலை தானாக நிற்காது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எழுந்து உள்ளே ஓடினாள்.

"அண்ணே, தொடாதீங்க."

பழனியப்பன் கையை எடுத்துவிட்டார். ஹைதர் கடுகடுத்தார். "நாலு பேர் முன்னால மானத்தை வாங்காதே. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல."

"சொல்லட்டும். பெரிய ஆஸ்பத்திரியில பார்ப்போம். அங்கயும் ஒண்ணுமில்லன்னா, இனிமே நீங்க சொல்றதுக்கெல்லாம் நான் தலையாட்டுறேன்."

நிலோபர் அழைத்த ஆம்புலன்ஸில் வந்தவர்கள் முதலில் கழுத்து அசையாமல் கட்டினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் ஷாமினி நிலோபரைத் தனியே அழைத்தார்.

"ரெண்டாவது கழுத்து எலும்புல விரிசல், அக்கா. அந்த இடத்தைப் பல்லும் தாடையும் மறைச்சிரும், சாதாரண எக்ஸ்ரேல சில சமயம் தெரியாது. நல்ல வேளை, எலும்பு நகரல. கழுத்துக்குக் காலர் போட்டு ஆற விடலாம், அடிக்கடி படம் எடுத்துப் பார்ப்போம்."

"யாராவது திருப்பியிருந்தா?"

"கை கால் போயிருக்கலாம். மூச்சே நின்னிருக்கலாம்."

பழனியப்பனிடம் கூட்டிக்கொண்டு போனதே நிலோபர்தானே. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"கடையை நான் பார்த்துக்கிறேன். ஏணிப் பக்கமே போகக் கூடாது. கேக்குதா?"

பழக்கதோஷத்தில் ஹைதரின் மோவாய் அசையப் பார்த்தது. காலர் விடவில்லை. அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"கேக்குதும்மா" என்றார், வாயைத் திறந்து.

நிலோபர் அழுதுவிட்டாள்.