மடிப்புக்குள் இருந்த சிவப்பு

1988 செப்டம்பர் கடைசியில்தான் லாத்வியக் கொடியை வெளியே எடுக்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன் நாற்பது வருஷத்துக்கு மேலாக, சோவியத் ஆட்சியில், அதை வீட்டில் வைத்திருப்பது தெரிந்தாலே சைபீரியாதான். நவம்பர் பதினெட்டு, குடியரசு நாள் காலையில், தீயணைப்பு நிலையக் கோபுரத்தில் ஏற்றிவிடுவது என்று ஊர் முடிவு செய்தது. தைக்கும் வேலை மிர்ட்சாவின் தலையில் விழுந்தது. நெசவாலையின் சாயப் பட்டறையில் இருபது வருஷமாகக் கை வெந்தவள் அவள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

அளவில் குழப்பமில்லை. மேலே இரண்டு பங்கு சிவப்பு, நடுவே ஒரு பங்கு வெள்ளை, கீழே இரண்டு பங்கு சிவப்பு. மூன்றையும் சமமாக வைத்தால் அது ஆஸ்திரியாவின் கொடி, ஆஸ்திரியாக்காரன் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடுவான். சிக்கல் சிவப்பில்தான். அது கருஞ்சிவப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு கறுப்பு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரொட்டிக்கடை வரிசையில் ஒரு கிழவர் வெந்த பீட்ரூட் என்றார், இன்னொருவர் பழுத்த செர்ரி என்றார். மூன்றாமவர் பழங்கதையையே இழுத்தார். போரில் காயம்பட்ட தலைவனை வெள்ளைத் துணியில் கிடத்தினார்கள், அவன் முதுகு பட்ட இடம் வெள்ளையாக நின்றது, இரண்டு ஓரமும் ரத்தத்தில் ஊறியது, ஆகவே காய்ந்த ரத்தத்தின் நிறம்தான் என்றார். மூவரும் அதைக் கடைசியாகப் பார்த்தது பிள்ளைப் பருவத்தில். ஆனாலும் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, வரிசைதான் கலைந்தது.

மிர்ட்சா வெள்ளைப் படுக்கை விரிப்புகளைச் சாயத்தில் போட்டுப் பார்த்தாள். முதல் தடவை செங்கல் நிறம், இரண்டாம் தடவை காப்பி நிறம். ஆலைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆர்வீட்ஸ் வாசலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். மே தின ஊர்வலத்துக்கு வந்த சிவப்புத் துணி கிடங்கில் சுருள் சுருளாகக் கிடக்கிறது, அதைக் கறுக்க வைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றான்.

"கட்சி வாழ்கன்னு எழுதுற துணியில நம்ம கொடியா? என் கை அழுகினாலும் அதைத் தொட மாட்டேன்."

"துணிக்கு என்ன தெரியும் பாவம், அது எந்தக் கட்சின்னு?" என்றான் ஆர்வீட்ஸ்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்பான நிறத்தில் ஒரு கொடி ஏறுவதைவிடக் கம்பம் வெறுமையாக நிற்பதே மேல் என்பது அவள் கட்சி. நாளோ ஒன்பதுதான் பாக்கி.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஆஸ்ட்ராவிடம் பழைய கொடி ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அவள் அம்மா இறந்ததும் அடுப்பைப் பிரித்துக் கட்டியபோது செங்கலுக்குப் பின்னால் கிடைத்ததாம். மிர்ட்சா மறுநாளே போய் நின்றாள். ஆஸ்ட்ரா மேசையைத் துடைத்துவிட்டுக் கொடியை விரித்தாள். மிர்ட்சா குனிந்து பார்த்தாள். புகையேறி, வெள்ளை மஞ்சளாகவும் சிவப்பு சேற்று நிறமாகவும் மாறியிருந்தது.

ஆனால் சாயக்காரிக்கு ஒன்று தெரியும். மடித்துத் தைத்த ஓரத்துக்குள் புகை போகாது. விரல் நீளம் தையலைப் பிரித்தால் உண்மை நிறம் தெரிந்துவிடும். அதைச் சொன்னதும் ஆஸ்ட்ரா கொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது அப்பா காலத்துக் கொடி. அம்மா கை பட்டதுன்னு எனக்கு மிச்சம் இருக்கறது இந்தத் தையல் ஒண்ணுதான். அதையும் பிரிக்கணுமா?"

மிர்ட்சா கெஞ்சவும் இல்லை, கிளம்பவும் இல்லை. தப்பான நிறம் ஏறினால் நாளைக்குப் பிறக்கிற பிள்ளைகள் அதையே சரி என்று நம்பிவிடும், திருத்துவதற்கு அப்போது யாரும் இருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறியது. கடைசியில் ஆஸ்ட்ரா எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள்.

கீழ் ஓரத்தில் எட்டுத் தையல் பிரிந்தது. மிர்ட்சா மடிப்பை விரித்தாள். உள்ளே கருஞ்சிவப்பு இல்லை. பளீரென்ற சிவப்பு, மே தினச் சிவப்பு. அதில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய ரஷ்ய எழுத்து ஒன்றின் கால்.

மிர்ட்சா அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். மே தினத் துணியை முதலில் மடித்துத் தைத்துவிட்டு அப்புறம் சாயத்தில் போட்டிருக்கிறார்கள், கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு, இறுகிய மடிப்புக்குள் சாயம் போகவில்லை. இது போருக்கு முந்தைய கொடியே இல்லை.

ஆஸ்ட்ரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். அப்பாவை 1949இல் சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அம்மா கலாசார மன்றத்தில் தரை பெருக்கினாள். ஒரு மே தினம் முடிந்து சுவரிலிருந்த பதாகை காணாமல் போக, காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அம்மா அழுது சத்தியம் செய்தாள். விசாரிக்க வந்தவர்களின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். பதினாலு வயது ஆஸ்ட்ரா அதைக் கதவோரம் நின்று பார்த்தாள்.

"அன்னிலேர்ந்து அவளை எனக்குப் பிடிக்கல. அப்பாவைக் கொண்டுபோனவங்க கையைப் பிடிக்கிறாளேன்னு. கோழைன்னு அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன், மிர்ட்சா. அவ ஒரு வார்த்தை பதில் சொல்லல."

சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தானே எடுத்தாள். சிவப்பும் வெள்ளையும் சேரும் தையலைக் காட்டி, இங்கே சாயம் பிடித்திருக்குமா என்று கேட்டாள். இணைத்தது சாயம் போட்ட பிறகுதானே, அங்கே பிடித்திருக்கும், புகையும் பட்டிருக்காது என்றாள் மிர்ட்சா. ஆஸ்ட்ராவே பிரித்தாள். உள்ளே நகக்கண் அகலத்துக்கு நல்ல கருஞ்சிவப்பு, நேற்று உலர்த்தியதுபோல் இருந்தது. போருக்கு முன் அசல் கொடிக்குக் கீழே வளர்ந்த அம்மா, கண்ணில் நின்ற நினைவை மட்டும் வைத்து, மரப்பட்டையைக் கொதிக்க வைத்துத் தேடிப் பிடித்த நிறம்.

மிர்ட்சா அந்தக் கொடியைக் கடன்வாங்கிக்கொண்டு நேரே கிடங்குக்குப் போய் மே தினத் துணியில் இரண்டு சுருள் கேட்டாள். கை அழுகிவிடுமே என்றான் ஆர்வீட்ஸ். அழுகட்டும், எடு என்றாள். முதல் கொப்பரை கறுத்துப்போயிற்று, இரண்டாவது திட்டுத்திட்டாக வந்தது. நான்காவது கொப்பரையில் ஆஸ்ட்ரா பிரித்துக் காட்டிய கருஞ்சிவப்போடு நிறம் ஒத்து நின்றது. துணி காய்ந்த பிறகே மிர்ட்சா ஓரம் மடித்தாள்.

பதினேழாம் தேதி, கடன்வாங்கிய கொடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பிரித்த இரண்டு இடத்தையும் பழையபடி தைத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் ஆஸ்ட்ரா. "அவ மறைச்சு வச்சது போதும்."

மறுநாள் ஊரே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தது. ஆஸ்ட்ராவின் ஜன்னலில் அம்மாவின் கொடி தொங்கியது. பிரிந்த ஓரத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, அந்த எழுத்தின் கால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி அவள் ஊசி குத்தியிருந்தாள்.