மானிட்டர் இல்லாத மேஜை

என் வீட்டுக்காரர் ஜெயராஜுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் மாடியில் குடியிருக்கும் பாலகுமாருக்கு இது நன்றாகத் தெரியும், எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும், இருந்தும் நாங்கள் இரண்டு பேருமே மூன்று வாரம் இதை மறந்துபோயிருந்தோம்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. இவர் வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலத்தில் வாங்கியது. அதற்கு மானிட்டர் கிடையாது, இவருக்கு எதற்கு மானிட்டர்? பெட்டிக்குள் பேசுகிற கார்டு ஒன்று உண்டு. என்ன எழுதினாலும் அதை வெளியே இருக்கும் ஸ்பீக்கர் வழியாகப் படித்துக் காட்டும். சளி பிடித்த வெள்ளைக்காரன் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல். நான் அதற்குத் துரை என்று பேர் வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதைவிடத் துரை பேசியதைத்தான் இவர் அதிகம் கேட்டிருப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பும் உண்டு.

எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு நாலு குரலுக்கும் இசை அமைத்துக் கொடுப்பவர் இவர்தான். பிரெயில் புள்ளிகளில் இசையை எழுதுகிற ஒரு புரோகிராம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போய்விட்டது. புது லேப்டாப் எதிலும் அது ஓடாது, அப்படியே ஓட வைத்தாலும் துரை அங்கே வந்து பேச மாட்டார்.

அந்த முன்னறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசல் படி தாண்டினால் இவர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுத்தான் ஆக வேண்டும். வருவது என்ன பஸ், சிக்னல் விழுந்ததா, நீட்டிய நோட்டு எத்தனை ரூபாய், எல்லாமே கேள்விதான். அந்த அறையில் மட்டும் எதையும் கேட்க வேண்டாம். விடியுமுன் எழுந்து, காபி போட்டு எனக்கொரு டம்ளர் மூடி வைத்துவிட்டு, பெட்டியைத் தட்டி உட்கார்ந்தால் அவர் ராஜா.

மழைக்கால ஆரம்பத்தில் பெட்டிக்குள் டிக் டிக் என்று சத்தம் வருவதாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் காது தப்பாது. பாலகுமாரைக் கூப்பிட்டோம். குடியாத்தத்துப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, கம்ப்யூட்டர் என்றால் சாப்பாடு வேண்டாம். திறந்து பார்த்தான். ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கிறது, அதைச் செருகும் இடமும் போர்டில் கெட்டுவிட்டது என்றான். ஆனால் இவர் எழுதியது அத்தனையையும் பத்திரமாகத் தன் லேப்டாப்பில் நகல் எடுத்துவிட்டான். இருபத்தைந்து வருஷ உழைப்பும் சேர்ந்து தன் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுதான் வருகிறது என்று அதிசயப்பட்டான்.

புது டிஸ்க் போடலாம், ஆனால் அதைப் பழைய பெட்டியோடு சேர்த்து வைக்க கண்ட்ரோலர் கார்டு என்று ஒன்று வேண்டும். கல்யாணத் தரகர் மாதிரி, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகிற கார்டு. எந்தக் கார்டு என்பதில்தான் எங்கள் கதையே இருக்கிறது. பாலா பத்து நாள் இன்டர்நெட்டில் தேடினான். கடைசியில் பெரிய கம்பெனிகளின் மெஷினில் போடுகிற ஒன்றைப் பிடித்து வந்தான். நாலு டிஸ்க் மாட்டலாம், பறக்கும் என்றான். வேலை பார்க்கக் கண் வேண்டுமே, அதனால் தன் மானிட்டரையும் கீழே தூக்கிவந்து மேஜை நடுவில் வைத்தான். கார்டைப் போட்டான், துரை மூக்கால் பேசினார், நான் கேசரி கிண்டினேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம், என்றான் பாலா. நாலு டிஸ்க்குக்குச் செய்த கார்டு அது. ஒரு டிஸ்க் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலேயே நின்று, மேலே போகட்டுமா என்று திரையில் கேட்கும். எஸ்கேப் பட்டனை அழுத்தினால் போகும். அந்தக் கேள்வியை நிறுத்த வழியில்லை. துரையோ டிஸ்க்கிலிருந்து எழுந்து வர வேண்டியவர், அந்த நேரத்தில் அவர் ஊமை. அதே இடத்தில் கை தவறி வேறு பட்டன்கள் விழுந்தால் இன்னொரு பட்டியலுக்குள் போய்விடும், அங்கே ஒரு எண்ணை அழுத்தினால் டிஸ்க் முழுக்கத் துடைத்துவிடும். ஆகவே கண்ணால் பார்த்து அழுத்துவதுதான் பத்திரம் என்று தீர்ப்பாயிற்று. அந்த உத்தியோகம் எனக்கு. காலையில் ஒரு பட்டனை அழுத்துவது என்ன பெரிய வேலை? சரி என்றேன். இவரும் சரி என்றார்.

நான் எழுந்து வந்து பட்டனை அழுத்துவேன், துரை பேசுவார், நாள் ஆரம்பிக்கும். எனக்குக் காபி மூடி வைப்பது மட்டும் நின்றுபோயிருந்தது. வயசாகிறது, மனுஷன் இப்போதாவது கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்து நானே போட்டுக்கொண்டேன். இவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

ஒருநாள் விடியற்காலையில் மழைச் சாரல் அடித்து ஜன்னலைச் சாத்த எழுந்தேன். பக்கத்தில் இவர் இல்லை. முன்னறையில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் முகம் கழுவி, சட்டை மாற்றி, மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் மடியில் இருந்தன. எதிரே மானிட்டரில் அந்தக் கேள்வி வெள்ளை எழுத்தில் நிற்கிறது. தன் முகத்துக்கு நேரே எழுதியிருக்கும் கேள்வியைப் படிக்க முடியாமல், நான் எப்போது எழுவேன் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். கொஞ்சம் முன்னாடிதான் வந்தேன் என்று மழுப்பினார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகச் சூடேறியிருந்தது. காபியாவது போட்டுக் குடித்திருக்கலாமே என்றேன்.

"பாத்திரம் சத்தம் போட்டா உன்ன எழுப்புற மாதிரி ஆயிடும், டோரீ. நீ தூங்கிட்டிருந்தே."

எஸ்கேப்பை அழுத்தாமல் நேராக மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். பாலா பாதித் தூக்கத்தில் வந்தான். கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து, மானிட்டரை அணைத்து, பெட்டியை மறுபடி கிளப்பச் சொன்னேன்.

கிளப்பினான். உள்ளே விசிறி சுற்றியது, அப்புறம் ஒன்றுமில்லை. கீபோர்டு வரைக்கும் விரலைக் கொண்டுபோனான், திரும்ப எடுத்துக்கொண்டான். அணைந்த மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேள்வி வந்துச்சா, இல்ல டிஸ்க்கே போயிடுச்சா, ஒண்ணும் தெரியல ஆன்ட்டி."

"எனக்கும் தெரியாது பாலா," என்றார் இவர். குரலில் கோபமே இல்லை. "அதான் உக்காந்திருக்கேன்."

பாலா தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பையன், சாக்குச் சொல்லவில்லை. கார்டு எவ்வளவு வேகம், எத்தனை டிஸ்க் என்று மட்டுமே தேடினேன், பார்த்துப் பார்த்தே சோதித்தேன், இனிமேல் மானிட்டர் இல்லாமல்தான் கார்டு பார்ப்பது என்றான். எனக்குக் கோபம் பாதி போயிற்று. மீதி என்மேல் இருந்தது.

சனிக்கிழமை மூன்று பேரும் எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்கு ஆட்டோவில் போனோம். பெட்டி இவர் மடியில், துரையின் ஸ்பீக்கர் என் மடியில். கம்ப்யூட்டரின் பழைய பாகங்கள் விற்கும் நாகேஷ் என்பவர் கடை பாலாவுக்குப் பழக்கம். பிளாஸ்டிக் தொட்டி நிறைய கார்டுகள், வெங்காயம் மாதிரி குவிந்து கிடந்தன. பெட்டியை மேஜையில் வைத்ததும் நாகேஷ் மானிட்டரை இழுத்தார். வேண்டாம் என்றான் பாலா. பிறகு எப்படித் தெரியும் என்று கேட்டார் அவர். நான் ஸ்பீக்கரைக் காட்டி, இவர் சொல்வார் என்றேன். நாகேஷ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதல் கார்டைப் போட்டதும் நிசப்தம். அதுவும் உள்ளே நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்திருக்கும். இரண்டாவதில் டிஸ்க் ஓடுகிற சத்தம் வந்தது, துரை வாயைத் திறக்கவில்லை. அந்தக் கார்டும் துரையின் கார்டும் உள்ளே ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன என்றான் பாலா. அடுத்ததும் உதவவில்லை. எனக்கு முகம் தொங்கிவிட்டது. "டென்ஷன் மாட்கோபேடி மேடம்," என்று கன்னடத்தில் ஆறுதல் சொல்லிக்கொண்டே நாகேஷ் விலை அதிகமான கார்டுகளாகவே எடுத்து நீட்டினார்.

தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்த பாலா, அடியிலிருந்து ஒரு மெல்லிய கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இதற்குச் சொந்தமாக மெனு எதுவும் கிடையாது, ஒன்றும் கேட்காது, ஆனால் ரொம்ப மெதுவானது, ரொம்பச் சின்ன டிஸ்க்கைத்தான் ஏற்கும் என்று தயங்கினான். திரும்பத் தொட்டியில் போடப்போனவனை இவர் நிறுத்தினார்.

"என் எழுத்தெல்லாம் ஒரு போட்டோ அளவுன்னு நீதானே சொன்னே?"

பாலா சிரித்தான். இருக்கட்டும் என்று இவர் எழுத்தையும் துரைக்கு வேண்டியதையும் பழைய கேமராவில் போடுகிற சின்ன மெமரி கார்டு ஒன்றிலும் ஏற்றி எடுத்து வந்திருந்தான். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதை ஒரு சட்டத்தில் செருகி மாட்டினான். இவரே கை நீட்டிப் பெட்டியைத் தட்டினார்.

பீப் என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. நாகேஷ் உதட்டைப் பிதுக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஜெபம் பண்ணினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் லேசாகக் கரகரப்பு வந்தது. சளி பிடித்த அந்த மூக்குக் குரல், கடை முழுக்கக் கேட்கும்படி, "ரெடி" என்றது. அந்தத் துரையைக் கட்டிக்கொள்ளலாம் போல எனக்கு இருந்தது. இவர் அணைத்துவிட்டு இன்னொரு தடவை கிளப்பினார். மறுபடியும் ரெடி. அந்தக் கார்டு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

ரொம்ப ஸ்லோ அங்கிள் என்று பாலா குறைப்பட்டுக்கொண்டான். பரவாயில்லை, அதற்குள் காபி போட்டுவிடலாம் என்றார் இவர்.

மறுநாள் காலையில் பழக்கத்தில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பட்டன் அழுத்த வேண்டுமே என்று பாதித் தூக்கத்தில் எழுந்து போனேன். முன்னறை இருட்டாக இருந்தது. இருட்டுக்குள் துரை பாட்டு வரியை மூக்கால் படித்துக்கொண்டிருந்தார், கிறிஸ்துமஸுக்கு ஆல்ட்டோ குரலுக்காக எழுதுவது. இவர் விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாலா ராத்திரியே மானிட்டரை மாடிக்குத் தூக்கிப் போயிருந்தான். விளக்கைப் போடப் போன கையை இழுத்துக்கொண்டு, மேஜையைத் தடவிக்கொண்டு நாற்காலிக்குப் போனேன். மானிட்டர் இருந்த இடத்தில் விரல் பட்டது. மூடி வைத்த டம்ளர், சூடாக.

"ஆறிடப் போகுது, குடி," என்றார், திரும்பாமலே.

குடித்தேன். வழக்கம்போல் சர்க்கரை அதிகம். இருட்டிலேயே உட்கார்ந்து முழுதும் குடித்தேன்.