மீனம்மாளின் ஒரு பிடி மிதி

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கும் புளியமரத்தின் மேல் சத்தியமாக, கீழே வருவதில் ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. 1963-ம் வருடம் கார்த்திகை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு, தாண்டவராயன் மனைவி மீனம்மாளின் கால்களை விட்டு அவளுடைய மிதி இறங்கி, ஒரு கறுப்பு பிளஷர் காரில் ஏறி மதராஸுக்குப் போய்விட்டது. மற்றபடி அவள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நடந்தாள், களை எடுத்தாள், இரண்டு குடம் தண்ணீரை ஒரே நடையில் கொண்டுவந்தாள். மிதி மட்டும் இல்லை.

மிதி என்றால் இன்னதென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சம்பாப் பயிர் பால் பிடிக்கிற நாளில் வரப்பு வளைகளிலிருந்து எலிகள் கிளம்பிவிடும். மற்ற ஊர்களில் கிட்டி வைப்பார்கள், வளைக்குள் புகை விடுவார்கள். பிள்ளைப்பாக்கத்தில் மீனம்மாள் வரப்பில் ஏறி மிதிப்பாள். மூன்று கனத்த மிதி, ஒரு லேசான மிதி, குதிகாலில் ஒரு திருகு, மறுபடி மூன்று. அவள் மிதித்துக்கொண்டே போகப் போக எலிகள் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு அவளுக்கு முன்னால் வரிசையாக நடந்து, ஏரிக்கு அப்பாலுள்ள முள்காட்டுக்குப் போய்ச் சேரும். அடித்துப் பிடித்து ஓடுவதில்லை. பந்தி முடிந்து எழுந்து கை கழுவப் போகிறவர்கள் மாதிரி போகும். ஏரிப் பாசனத்து முப்பத்திரண்டு ஏக்கரும் தை மாதம் வீடு வந்து சேர்ந்தது அந்த இரண்டு கால்களை நம்பித்தான்.

மதராஸில் லீலா என்றொரு அம்மாள் பாலே குழு நடத்தி வந்தார். வெள்ளைக்கார தேசங்களில் கிறிஸ்துமஸ் தோறும் ஆடுகிற ஒரு பாலே உண்டு. ஒரு பொம்மைக்கும் எலிப்படைக்கும் சண்டை நடக்கும், பொம்மை ஜெயிக்கும், பனி கொட்டும், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். அதை நம் மண்ணுக்குத் தகுந்தபடி ஆட்டுவதென்று லீலா அம்மாள் தீர்மானித்தார். பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையாக மாறியது. பனிக்கு இலவம் பஞ்சு. கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பதிலாகக் குலை தள்ளிய வாழை. எலிகள்தான் சரிப்பட்டு வரவில்லை. அவருடைய ஆட்டக்காரர்கள் எலியாக ஆடினால், பல் வலிக்காரர்கள் வைத்தியரைத் தேடி அலைகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் யாரோ அவரிடம் பிள்ளைப்பாக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள்.

கறுப்புக் கண்ணாடியும் கைத்தறிப் புடவையுமாக லீலா அம்மாளும், எலிராஜாவாக ஆட இருந்த ராஜாமணி என்கிற ஒல்லி இளைஞரும் வந்து இறங்கினார்கள். மூன்று நாள் வந்தார்கள். மீனம்மாள் வரப்பில் மிதிக்க, ராஜாமணி பின்னால் மிதிக்க, லீலா அம்மாள் புளியமரத்தடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "அப்படியே மண்வாசனை! இந்தாம்மா, இன்னொரு தரம்!" என்றார். மேடையில் எலிகளுக்கு முன்னால் நடக்கப்போவது மீனம்மாள்தான் என்றும், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கார் வந்து அவளை அழைத்துப் போகும் என்றும் சொன்னார். மீனம்மாள் இதை ஊரில் எல்லோரிடமும் சொன்னாள். வெளியே சொல்லாத ஒரே ஆள் தாண்டவராயன். அவருக்குப் பேச வாய்ப்பு கிடைத்தால்தானே.

தப்பு நடந்தது மூன்றாவது நாள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். விதை நெல் கேட்டு யாராவது வந்தால் மரக்காலில் தலைதட்டி அளந்து கொடுத்துவிட்டு, கொடுத்ததிலிருந்தே ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தன் பானையில் போட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால் விதை அந்த வீட்டை விட்டு மொத்தமாகப் போய்விடும். நெல்லுக்கும், கேழ்வரகுக்கும், உறைமோருக்கும் இந்த வழக்கத்தை மீனம்மாள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. மிதிக்கும் அது பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ராஜாமணியின் குதிகாலில் அந்தத் திருகு சரியாக விழுந்ததும், சந்தோஷத்தில் இரண்டு கையையும் தட்டி, "அவ்ளோதான் தம்பி, பூரா எட்த்துக்கினே!" என்றாள். பூராவும் எடுத்துக்கொண்டு கார் கிளம்பியது.

மறுநாள் காலையில் வரப்பில் ஏறி மிதித்தாள். ஒரே ஒரு எலி வளையிலிருந்து தலையை நீட்டி, அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விட்ட கதிரைத் தொடர்ந்து கடித்தது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எழும்பூரில் லீலா அம்மாள் ஒத்திகை நடத்திய மண்டபத்தின் மேடை மேற்குப் பார்த்தது. தினமும் நாலு மணிக்கு ராஜாமணி அந்த மேடையில் மேற்கு நோக்கி மிதித்தார். மதராஸ் எலிகள் கிளம்பின. பூந்தமல்லி வழியாக, சாலையின் இடது பக்கமாகவே, லாரிகளுக்கு வழிவிட்டு நடந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நாள் தங்கி, பிள்ளைப்பாக்கம் வந்து சேர்ந்தன. பட்டணத்து எலிகள் என்பதைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நெய் வாசனை அடித்தது, பஸ் ஹாரனுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பச்சை நெல்லைத் தின்னாமல் சோறு வடிக்கிறவரை அடுப்படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தன. மிதியை எடுத்துக்கொண்ட ஊர் அதற்குப் பதிலாக அனுப்பி வைத்தது இவற்றைத்தான். வயலில் ஊர் எலிகள் தின்றதில், மார்கழி பிறப்பதற்குள் மூன்று ஏக்கர் கதிரில்லாமல் வெறும் தாளாக நின்றது. நாட்டாண்மை நாகப்பன், மீனம்மாள் காதில் விழும்படி, "மேடையில ஆட்ற ஷோக்குல ஊர் சோத்துல மண்ணப் போட்டுட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகப்பன் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து அதே நாகப்பன் பேப்பரைக் கொண்டுவந்து உரக்கப் படித்தார். லீலா அம்மாளின் பேட்டி, படத்தோடு. எலிகளின் நடையை எங்கிருந்து பெற்றீர்கள் என்ற கேள்விக்கு, "வயல்வெளியில் நானே கண்டெடுத்த, பெயரில்லாத ஓர் அசைவு" என்று பதில் போட்டிருந்தது. அசைவுக்குப் பெயர் இருந்தது. அசைத்தவளுக்கும் இருந்தது. மூன்று நாளும் 'இந்தாம்மா' என்று கூப்பிட்டவருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"கண்டெட்த்தாளா? இன்னா, ரோட்டுல கெடந்துச்சா?" என்றாள் மீனம்மாள். அவள் கையிலிருந்த சொம்புத் தண்ணீர் கொதித்தது.

அன்றிலிருந்து அவள் உடம்பு ஆறவில்லை. மார்கழி மழை விடாமல் பெய்தது. அவள் வீட்டுக் கூரைக்கு ஒரு முழம் மேலேயே ஆவியாகிப் போனது. தாண்டவராயன் மாட்டுத் தொழுவத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். ஊருக்கு முதல் இரண்டு நாள் பயமாக இருந்தது, மூன்றாம் நாள் வசதியாக இருந்தது. புழுக்கிய நெல்லை அவள் வாசலில் கொண்டுவந்து பரப்பினார்கள். வறட்டிகளைச் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். பக்கத்து வீட்டு சுந்தராம்பாள் ஈரத் துணியை அவள் தலைமாட்டில் கட்டிய கொடியில் போட்டுவிட்டு, சிறிது நேரம் கழித்து வந்து தொட்டுப் பார்த்து, "யக்கா, அந்தப் பொம்பளய இன்னும் கொஞ்சம் நெனச்சிக்கோயேன், பாவாட ஈரமாவே கீது" என்று கேட்டாள். மீனம்மாள் நினைத்துக்கொண்டாள். பாவாடை காய்ந்தது. கரையோரம் கொஞ்சம் கருகியும் போனது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கார் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். காலையிலேயே தலை முழுகி, முடியை முடிந்து, "நான் போயி என் பிடிய எட்த்துக்கினு வரேன்" என்று தாண்டவராயனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். மழையில் நனைந்து ஏறியவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அமிஞ்சிக்கரை வருவதற்குள் உலர்ந்துவிட்டார்கள்.

மண்டபத்து வாசலில் காவலர் இராமச்சந்திரன் டிக்கெட் கேட்டார். "என் மிதி உள்ள ஆடிக்கினு கீது, எனக்கு இன்னாத்துக்குய்யா டிக்கெட்டு?" என்று அவள் கேட்டதும், சுவரில் ஒட்டியிருந்த லீலா அம்மாளின் சுவரொட்டி பசை உருகிச் சுருண்டு கீழே விழுந்தது. இராமச்சந்திரன் காலையிலிருந்து நனைந்த உடுப்போடு நின்றவர். அது முழுவதும் காய்கிறவரை அவளை அங்கேயே நிற்க வைத்து, பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே இலவம் பஞ்சு கொட்டிக்கொண்டிருந்தது. வாழை மரத்துக்கு முன்னால் இருபது பேர் எலி முகமூடியோடு நிற்க, ராஜாமணி நடுவில் மிதித்தார். மூன்று கனத்தது, ஒன்று லேசானது, குதிகாலில் திருகு. தன் கால் வேறொருவரின் இடுப்புக்குக் கீழே ஆடுவதை மீனம்மாள் பார்த்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து மேடை ஏறினாள். பஞ்சு அவள் தலைக்கு மேல் வந்ததும் பொசுங்கிப் பொசுங்கி அணைந்தது. ராஜாமணி அவளைக் கண்டதும் முகமூடியைக் கழற்றிவிட்டு, மெதுவான குரலில், "எடுத்துக்கோங்கக்கா. எனக்கும் கால் ஒரு நிமிஷம் சும்மா நிக்க மாட்டேங்குது, சாப்பாட்டுல உக்காந்தாலும் மிதிக்குது" என்றார்.

மீனம்மாள் குனிந்தாள். அவருடைய வலது காலடியிலிருந்து, மரக்காலிலிருந்து எடுப்பது மாதிரி, ஒரு பிடி எடுத்தாள். ஒரே பிடி. முழுவதையும் எடுத்திருக்கலாம், கொடுத்ததைப் பிடுங்குவது அவள் வழக்கத்தில் இல்லை. "இது என்னுது" என்று மட்டும் சொல்லி, முந்தானையில் முடிந்துகொண்டு, வந்த வழியே இறங்கிப் போனாள்.

சபை எழுந்து நின்று கை தட்டியது. திரைக்குப் பின்னாலிருந்து யாரது, யாரது என்று கேட்டுக்கொண்டிருந்த லீலா அம்மாள் கைதட்டலைக் கேட்டதும் கேள்வியை நிறுத்திவிட்டு, மேடைக்கு வந்து வணங்கினார். ஒரு கிராமத்துப் பெண் பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து எலிராஜாவின் பலத்தைக் கவர்ந்து போவது லீலா அம்மாளின் ஈடு இணையற்ற கற்பனை என்று மறுநாள் பேப்பர் எழுதியது. அந்தப் பேப்பரையும் நாகப்பன் உரக்கப் படித்தார். பிள்ளைப்பாக்கத்தில் அன்றைக்கு யாரும் அடுப்பு மூட்டவில்லை. தேவைப்படவில்லை.

முந்தானையில் கொண்டுவந்த பிடியை மீனம்மாள் விதைப்பானையில் போட்டு மூடி வைத்தாள். நாலாம் நாள் முளை கட்டியிருந்தது. எட்டாம் நாள் வரப்பில் ஏறி மிதித்தாள். ஊர் எலிகளைப் பழையபடி முள்காட்டுக்கு அனுப்பினாள். பட்டணத்து எலிகளைத் திருப்பி அனுப்பக் கிழக்கே பார்த்து மிதித்தாள். மிச்சமிருந்த இருபத்தொன்பது ஏக்கரும் வீடு வந்து சேர்ந்தது. லீலா அம்மாள் குழு அந்த பாலேயை வருடா வருடம் டிசம்பரில் ஆடியது. அங்கே நாலு மணிக்கு அவர்கள் மேற்கே மிதிக்க, இங்கே நாலு மணிக்கு மீனம்மாள் கிழக்கே மிதித்தாள். எந்தப் பக்கமும் போக முடியாத எலிகள் பூந்தமல்லியில் நின்றுவிட்டன. பூந்தமல்லிக்காரர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். டிசம்பர் மாதம் அப்படித்தான் இருக்கும் என்று அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

மிதி திரும்பி வந்தது, பெயர் வரவில்லை. 1984-ல், அழிந்துபோன ஒரு கிராமியக் கலையை மீட்டெடுத்ததற்காக லீலா அம்மாளுக்கு விருது கொடுத்ததாக ரேடியோவில் சொன்னபோது, மீனம்மாள் அறுவடை முடிந்து ஏரிக்கரையில் நின்றிருந்தாள். "அழிஞ்சி பூட்ச்சாமா?" என்று கேட்டுவிட்டுப் புளியமரத்தில் கையை ஊன்றினாள். சுந்தராம்பாள் அந்த வருடத்து நெல்லைப் புழுக்குவதற்காக அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஐந்து விரலும் உள்ளங்கையும் மரத்தில் கருகிப் பதிந்த தடம் இன்றும் அப்படியே இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் இருப்பதெல்லாம் பனைமரம். புளியமரம் ஒன்றுகூடக் கிடையாது.