கடையைக் கட்டினார்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு மூக்குக்கு மேலே கோபம். எதிரே நின்ற சித்தாளுக்கு அதைவிட ஒரு படி கூடுதல். கட்டட வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் காய்ந்த சிமெண்டோடு ஓடி வந்திருந்தாள். பின்னே? பெற்ற மகளை வருஷத்தின் நடுவில் இரண்டாம் வகுப்புக்கு இறக்கப் போகிறார்களாம்! பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்தபடி நின்றது.

டீச்சர் விடைத்தாளை மேஜையில் விசிறினாள்.

"மழை வந்ததும் வியாபாரி ஏன் கடையைக் கட்டினார்? இதான் கேள்வி. உன் பொண்ணு எழுதியிருக்கிற லட்சணத்தைக் கேளு. 'அவருக்கு அறிவு இல்லை. மழையில் கட்டினால் கலவை கரைந்துவிடும்.'"

"சரியாத்தானே எழுதியிருக்கா? மழையில எவனாவது சுவர் வைப்பானா?"

"ஐயோ! கட்டினார்னா மூடிட்டார்னு அர்த்தம்மா!"

"இவ அப்பா கொத்தனார் டீச்சர். எங்க வீட்டுல கட்டுறதுன்னா செங்கல் வெச்சுக் கட்டுறதுதான்."

"இந்தச் சாக்கெல்லாம் வேண்டாம். முதல் பெஞ்சுப் பையன் கடகடன்னு வாசிக்கிறான். இவ எழுத்துக்கு எழுத்து திக்குறா."

"அவன் கேள்வியையே திருப்பி எழுதினான்மா," என்றது பிள்ளை. "அதுக்கு முழு மார்க்கு."

"வாயை மூடு!" டீச்சர் ஒரு தாளை நீட்டினாள். "இந்தாம்மா, சும்மா ஒரு ஃபாரம். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

சித்தாளுக்குத் தன் பெயரை எழுத வரும், அவ்வளவுதான். அது டீச்சருக்கும் தெரியும் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீ படி கண்ணு."

"இவளா? விளங்கினாப்லதான்!"

பிள்ளை விரல் வைத்துப் படித்தது. "என்... மகளை... இ...ரண்டாம் வகுப்பில்... என் சொந்த... வி...ருப்...பத்தின் பேரில்..." நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. கண் கலங்கிவிட்டது.

"அம்மா, டீச்சர் இறக்கலையாம். நீதான் என்னை இறக்கச் சொல்லிக் கேட்டியாம்."

டீச்சரின் கை தாளைப் பிடுங்கப் பாய்ந்தது. சித்தாள் முந்திக்கொண்டாள்.

"திக்கித்தான் படிச்சா. ஆனா உங்க திருட்டுத்தனம் முழுசாப் புரிஞ்சிருச்சு பாத்தீங்களா?" தாளை மடித்து மகளின் கையில் கொடுத்தாள். "வா கண்ணு. பெரிய டீச்சர் ரூமுக்குப் போவோம். அங்கேயும் இதே மாதிரி நிறுத்தி நிறுத்திப் படி."